லித்தியமா, சோடியமா, ஃப்ளோ பேட்டரியா, ஃப்யூயல் செல்லா: ஆராய்ச்சிக்கு எதை எடுப்பது?

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். முடித்துவிட்டு அப்போதுதான் பிஎச்.டி. சேர்ந்திருந்தாள். "மாமா, மின்சாரச் சேமிப்புல கைடு நாலு தலைப்பு சொல்லியிருக்காங்க. லித்தியம், சோடியம், ஃப்ளோ பேட்டரி, ஃப்யூயல் செல். எதுல வேணும்னாலும் போகலாமாம், ஆனா பதினஞ்சு நாள்ல சொல்லிடணும். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். ஆறு வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து கையால் செல் செய்துவிட்டு, பிறகு பேட்டரி சோதனை வேலைக்கு வந்தவன் நான். இருந்தும் அன்றைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நாலைந்து முறை பேசினோம். அதில் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இப்போது நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களில் பலருக்குக் கேட்க ஒரு மாமா இல்லை.

பெரும்பாலானவர்கள் கேட்பது "எதுக்கு எதிர்காலம் இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வியை விட்டுவிடு என்றேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கே பார்த்தாலும் லித்தியம்-காற்று பேட்டரி பற்றித்தான் பேச்சு. அதை நம்பிப் போன என் சீனியர் இருவர் ஐந்து வருடம் கழித்து வேறு துறைக்கு மாறினார்கள். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை, பேச்சுதான் மாறிவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேட்கலாம். நீ ஆராயப்போகிற சேமிப்பு எத்தனை மணி நேர வேலைக்கு? உன் ஆய்வகத்தில் நாளைக் காலையிலேயே எதை நம்பகமாக அளக்க முடியும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிஎச்.டி. நாலு வருடத்தில் முடிவதும் ஏழு வருடம் இழுப்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

நாலையும் ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். வீட்டு மின்கட்டணக் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம், 10 யூனிட் (ஒரு யூனிட் என்றால் 1,000 வாட்-மணி). ஏசி ஓடும் ஒரு வீட்டின் ஒரு நாள் செலவு என்று சொல்லலாம். இதை எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் வைத்தால், கிலோவுக்கு 160 வாட்-மணி என்ற கணக்கில், செல் மட்டும் 60 கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஒரு ஆள் எடை. பெரும்பாலான சோடியம் செல்களில் அதைவிடக் கொஞ்சம் கூடும். மின்சாரத்தைத் திரவத்தில் சேமிக்கும் வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் லிட்டருக்கு 25 வாட்-மணி என்று வைத்தால் 400 லிட்டர் திரவம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அளவு. ஹைட்ரஜன் என்றால் வெறும் 600 கிராம் போதும், ஃப்யூயல் செல் அதிலிருந்து 10 யூனிட் கொடுத்துவிடும். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த 600 கிராமை அடைக்க, ஆய்வகங்களின் வெளிச்சுவர் ஓரம் சங்கிலி போட்டு நிற்குமே சிவப்பு சிலிண்டர், அதில் ஒன்று முழுசாக வேண்டும். அந்த இரும்பின் எடை மட்டும் 50 கிலோவைத் தாண்டும். ஹைட்ரஜன் பற்றிய பேச்சில் இந்தச் சிலிண்டர் மட்டும் எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

சரி, லித்தியத்தில் தொடங்குவோம்.

எல்.எஃப்.பி. 1997-இல் டெக்சாஸில் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழுவிலிருந்து வெளிவந்தது. அதற்கும் முன்னாலேயே, 1980-களின் பிற்பாதியில், அதே குழுவில் இருந்த ஆறுமுகம் மந்திரம், இரும்போடு சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைச் சேர்த்தால் செல்லின் மின்னழுத்தம் ஏறுகிறது என்று காட்டியிருந்தார். தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிஎச்.டி. முடித்தவர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தது மந்திரம்தான். இதை நான் எந்த மாணவரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. பாஸ்பேட் கேத்தோடில், அதாவது செல்லின் நேர்முனையில், ஆக்சிஜன் பாஸ்பரஸோடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது, சூடானாலும் லேசில் வெளியே வராது. எல்.எஃப்.பி. மற்ற லித்தியம் செல்களைவிடச் சுலபத்தில் தீப்பிடிக்காததற்கு அதுதான் காரணம். கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம்.

இன்றைக்கு இந்தத் துறையின் நிலை என்ன? புளூம்பெர்க் கணக்கெடுப்பின்படி 2024-இல் லித்தியம் பேக்கின், அதாவது பல செல்களைச் சேர்த்த தொகுப்பின், சராசரி விலை ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர். 2010-இல் அது 1,000 டாலருக்கு மேல். மாலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை எல்லார் வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் அந்த நாலு மணி நேரத்துக்குச் சூரிய மின்சாரத்தைத் தள்ளிவைக்க இதைவிடக் கைகொடுக்கும் பொருள் இப்போதைக்கு எதுவும் இல்லை. அதனாலேயே இதில் புதிய கேத்தோடு பொருள் தேடிப் போகாதே என்றேன். சீனாவில் ஒரு தொழிற்சாலையின் ஆராய்ச்சிப் பிரிவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பொருளின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். நாம் உலோகத் தாளின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் பூசி அழகான வரைபடம் எடுப்போம், தொழிற்சாலை பூசுவதோ 15 மில்லிகிராமுக்கு மேல். அந்தத் தடிமனில் நம் பொருள் என்ன ஆகும் என்பது கட்டுரையில் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கட்டுரைகளில் "கூலும் திறன் 99.9 சதவீதம்" என்று எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் போட்டதில் 99.9 திரும்பி வருகிறது, நல்லதுதானே என்று தோன்றும். கால்குலேட்டரை எடுத்து 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பார்த்தால் மிஞ்சுவது 37 சதவீதம். 99.99 என்றால் 90 சதவீதம். அந்தக் கடைசி ஒரு ஒன்பதுக்குள்தான் ஒரு பேட்டரி மூன்று வருடம் ஓடுமா, பத்து வருடம் ஓடுமா என்பது இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நாம் செய்யும் பொத்தான் அளவு காயின் செல்லில் எதிர்ப்பக்கம் ஒரு முழு லித்தியத் தகடு வைத்திருப்போம். இழந்ததையெல்லாம் அது சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். குறையே தெரியாது.

ஆனால் லித்தியத்தில் வேலையே இல்லை என்று அர்த்தம் இல்லை. எல்.எஃப்.பி. செல்லின் மின்னழுத்தக் கோடு மேசை மாதிரி தட்டையாக இருக்கும், 30 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் 70 இருந்தாலும் வோல்ட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி ஆராய்ச்சி. எவ்வளவு நாள் தாங்கும் என்பது இன்னொன்று. 2019-இல் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, டொயோட்டா ஆராய்ச்சி மையம் சேர்ந்து 124 எல்.எஃப்.பி. செல்களை ஓட்டி, முதல் 100 சுழற்சியின் (ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) தரவை மட்டும் வைத்து ஆயுளைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். அந்த 124 செல்லும் கடையில் வாங்கிய ஒரே ரகம்தான். வேகமாகச் சார்ஜ் செய்த முறையைப் பொறுத்து 150 சுழற்சியில் விழுந்ததும் உண்டு, 2,300 வரை போனதும் உண்டு. அந்தத் தரவு முழுக்கப் பொதுவில் கிடக்கிறது. நாசாவின் பழைய பேட்டரித் தரவும் அப்படியே. ஒரு நல்ல கணினியும் நல்ல கணிதமும் இருந்தால் போதும், காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸ் பெட்டி வேண்டாம். 2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இறுகின. பேக்குக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று அளந்து சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதிலிருந்து நல்ல கிராக்கி. இ.இ.இ., மெக்கானிக்கல் படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வரலாம். இவள் கெமிக்கல். அவளிடம் இதைச் சொன்னபோது "எனக்குக் கெமிஸ்ட்ரி வேணும் மாமா" என்றாள். அதுவும் நியாயம்தான்.

சோடியம். என் மனசு இருக்கும் இடம் இது, அதை மறைக்கப் போவதில்லை. பூமியின் மேலோட்டில் 2.5 சதவீதத்துக்கு மேல் சோடியம், லித்தியமோ பத்து லட்சத்தில் 20 பங்கு. தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். அதே சமயம் "உப்பிலிருந்து பேட்டரி" என்று தலைப்பு போடுவது பாதி உண்மைதான். செலவு மிச்சமாவது உப்பின் விலையால் மட்டும் இல்லை. லித்தியம் அலுமினியத்தோடு கலந்துவிடும், ஆகவே ஆனோடு, அதாவது எதிர்முனை, பக்கம் செப்புத் தாள்தான் போட வேண்டும். சோடியம் கலக்காது, இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். செல்லை முழுசாகக் காலி செய்து சுழி வோல்ட்டில் லாரியில் ஏற்றலாம். இன்ஜினியருக்கு இது பெரிய விஷயம்.

குறையும் சொல்ல வேண்டும். சோடியம் அயனி பெரிசு, எடையும் லித்தியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல், வோல்ட்டும் 0.3 குறைவு. கிராஃபைட்டுக்குள் சரியாக நுழையாது. ஆகவே ஆனோடாக ஹார்ட் கார்பன் வேண்டும். அடுக்கு கலைந்து, நடுவில் நுண்ணிய பொந்துகள் உள்ள கரி. 2000-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ், டான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதில் கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர்-மணி வரை சோடியத்தை ஏற்றிக் காட்டினார்கள். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இந்தக் கரி செய்யலாம், பொள்ளாச்சிப் பக்கம் சிரட்டைக்குப் பஞ்சமே இல்லை. சீன பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். தன் சோடியம் செல்லுக்கு 2021-இல் கிலோவுக்கு 160 வாட்-மணி என்று அறிவித்தது, 2025-இல் 175. 2022 தொடக்கத்தில் ரிலையன்ஸ் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் சோடியம் பேட்டரி நிறுவனமான ஃபாரடியானை வாங்கியது. ஆனால் லித்தியம் கார்பனேட் விலை 2022 கடைசியில் உச்சிக்குப் போய், ஒன்றரை வருடத்துக்குள் படுத்துவிட்டது. படுத்ததும் சோடியத்தின் விலை வசதி சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் நேட்ரான் என்ற சோடியம் பேட்டரி நிறுவனம் 2025 செப்டம்பரில் கடையையே மூடியது. ஆக, இந்தத் துறையின் தலையெழுத்தில் பாதியை வேறொரு உலோகத்தின் சந்தை எழுதுகிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இப்போது என் கதை ஒன்று. ஒரு நவம்பர் மாதம், அடைமழை, ஆய்வகத்தில் ஈரப்பதம் 85 சதவீதத்தைக் காட்டியது. அடுக்கு ஆக்சைடு வகைச் சோடியம் கேத்தோடு ஒன்று செய்திருந்தேன். பாட்டிலைத் திறந்து வெளியிலேயே எடை போட்டேன், அதிகம் போனால் இருபது நிமிடம். பிறகு கார்பனும் பி.வி.டி.எஃப். பசையும் சேர்த்து என்.எம்.பி. கரைப்பானில் கலக்கவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது காந்தத் துண்டு சுற்றவில்லை. தோசைமாவுப் பதத்தில் இருக்க வேண்டிய ஸ்லரி கேழ்வரகுக் களி மாதிரி கெட்டியாகி, ஸ்பேச்சுலாவை விட்டால் அப்படியே நிற்கிறது. காற்றில் இருந்த ஈரம் பொடியின் மேல் சோடியம் ஹைட்ராக்சைடை உண்டாக்க, அந்தக் காரம் பசையைத் தாக்கி முறுக்கிவிட்டது. அந்தக் களி போனது பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு முந்தைய மூன்று மாதம் செல்லுக்குச் செல் கொள்ளளவு மாறி மாறி வந்ததற்கும் அதே ஈரம்தான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல வெயில் நாளில் செய்த செல் நன்றாக ஓடியிருக்கிறது, மழை நாளில் செய்தது ஓடவில்லை, என் நோட்டில் வானிலை எழுதும் பழக்கமே எனக்கு இல்லை. மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

ஆகவே நம் ஊரில் அடுக்கு ஆக்சைடு எடுக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உலர் அறை இருக்கிறதா, கிளவ் பாக்ஸ் ஆர்கான் ஒழுங்காக இருக்கிறதா, ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே நிற்கிறதா என்பதுதான். இல்லை என்றால் பாஸ்பேட் வகைச் சோடியம் கேத்தோடுக்குப் போகலாம், அவை ஈரத்தை ஓரளவு பொறுக்கும். இல்லாவிட்டால் ஹார்ட் கார்பன் பக்கம். அங்கே ஒரு கெமிக்கல் இன்ஜினியருக்கு உலை வெப்பநிலை, பொந்தின் அளவு, முதல் சுழற்சி இழப்பு என்று கைநிறைய வேலை இருக்கிறது.

நேரக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். சைக்ளர் என்ற கருவியில் ஒரு சேனலுக்கு ஒரு செல். 5 மணி நேரம் சார்ஜ், 5 மணி நேரம் டிஸ்சார்ஜ் என்று ஓட்டினால் ஒரு சுழற்சிக்கு 10 மணி. 500 சுழற்சிக்கு 5,000 மணி நேரம், அதாவது 208 நாள். ஒரே செல்லை நம்பி எழுத முடியாது, குறைந்தது மூன்று வேண்டும். நாலு வகைப் பொருளை ஒப்பிட்டால் 12 சேனல் ஏழு மாதத்துக்கு உனக்கே உனக்கென்று வேண்டும். நடுவில் மின்சாரம் போனால், யு.பி.எஸ். தாங்காவிட்டால், முதலிலிருந்து. "உங்க லேபில் எத்தனை சேனல்?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். தலைப்பை முடிவு செய்யும் முன் போய் எண்ணிவிட்டு வா என்றேன்.

ஃப்ளோ பேட்டரி வேறு மாதிரி. இங்கே மின்சாரம் திடப்பொருளில் இல்லை, இரண்டு தொட்டித் திரவத்தில் இருக்கிறது. நடுவே அடுக்கு அடுக்காகச் செல், பம்ப் திரவத்தைச் சுற்றவிடும். கூடுதல் யூனிட் வேண்டுமென்றால் பெரிய தொட்டி, கூடுதல் கிலோவாட் வேண்டுமென்றால் பெரிய அடுக்கு. இரண்டும் தனித்தனி. லித்தியத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று போகும்போது அது செலவை ஏற்றிவிடும். 1970-களில் நாசா இரும்பு-குரோமியத்தில் இதைச் செய்து பார்த்தது. 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் இரண்டு பக்கமும் வனேடியத்தையே வைத்தார். இரண்டு திரவத்தையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்தாலும் அதே உலோகம்தானே, திரவம் கெட்டுப்போகாது. எளிமையான யோசனை, இன்றுவரை அதை மிஞ்ச ஆள் இல்லை. 2022-இல் சீனாவின் டாலியனில் 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி நிலையம் ஓடத் தொடங்கியது.

இதில் நான் சொக்கிப்போவது நிறத்தில். வனேடியம் நாலு நிலையில் நாலு நிறம்: ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். சார்ஜ் ஏற ஏற ஒரு தொட்டி நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகும், மற்றொன்று பச்சை தாண்டி ஊதாவாகும். பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கக் கிடைப்பது இதில் மட்டும்தான். நிறமாலைமானியில் ஒரு துளி வைத்தால் எவ்வளவு சார்ஜ் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். எல்.எஃப்.பி.யில் அந்தத் தட்டைக் கோட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

இங்கே கிளவ் பாக்ஸ் தேவையில்லை, எல்லாம் தண்ணீரும் கந்தக அமிலமும்தான். ஊதா நிறத் தொட்டிக்கு மட்டும் நைட்ரஜன் விட்டால் போதும். பம்ப், குழாய், அழுத்த இழப்பு, நிறைப் பரிமாற்றம், சவ்வு, மின்முனை எல்லாமே கெமிக்கல் இன்ஜினியர் இளங்கலையில் படித்த பாடம். குறை என்ன என்றால், போட்டதில் 70 சதவீதத்தை ஒட்டித்தான் திரும்பும், லித்தியத்தில் 85-க்கு மேல் வரும். வனேடியம் விலை ஏறி இறங்கும். சவ்வு விலை அதிகம். அப்புறம் வெப்பம். பழைய கந்தக அமிலக் கலவை 10 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவில்தான் நிம்மதியாக இருக்கும். 40-ஐத் தாண்டினால் மஞ்சள் தொட்டியில் வனேடியம் ஆக்சைடாகப் படிந்து குழாயையும் மின்முனையையும் அடைக்கும். 2011-இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் சல்பேட்டோடு குளோரைடையும் கலந்து இந்த வரம்பை 50 டிகிரி வரை தூக்கியது. ஆனால் அதில் அரிப்பு வேறு கணக்கு. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 40 டிகிரி ஒரு எண், நமக்கு அது மே மாதம். இங்கே இருப்பவர்கள் செய்ய வேண்டிய ஆராய்ச்சி என்று எனக்குப் படுவது இதுதான். சேர்மானப் பொருள் என்ன, எவ்வளவு அமிலம், எத்தனை நாள் தாங்குகிறது என்று பாட்டில் பாட்டிலாக வைத்துப் பார்க்கலாம். சேனல் வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம்.

ஃப்யூயல் செல் பற்றி இன்னும் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் நேரடி அனுபவம் இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும் என்று 1839-லேயே குரோவ் காட்டிவிட்டார். கணக்குப்படி 1.23 வோல்ட் வர வேண்டியது, நடைமுறையில் 0.6, 0.7 தான் வருகிறது. ஆக்சிஜன் வினை மந்தம், அதற்காகத்தான் பிளாட்டினம். சவ்வு காய்ந்தாலும் ஓடாது, தண்ணீர் தேங்கினாலும் ஓடாது. மின்சாரத்தைச் சேமித்துத் திரும்ப எடுப்பதாக இருந்தால் கணக்கு இன்னும் கஷ்டம். ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்ய 50 முதல் 55 யூனிட் போட வேண்டும், அந்த ஒரு கிலோவிலிருந்து ஃப்யூயல் செல் 17, 18 யூனிட் கொடுக்கும். மூன்றில் ஒன்று. அழுத்தி அடைக்கும் செலவை இன்னும் சேர்க்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு ஹைட்ரஜனே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றிக் குவிக்கும், அந்த மின்சாரத்தை மார்கழிக்குக் கொண்டுபோக எந்தப் பேட்டரியாலும் கட்டுப்படி ஆகாது. ஒரு நாளுக்குள் என்றால் மலையில் தண்ணீரை ஏற்றி இறக்கும் காடம்பாறை மாதிரி 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. மாதக்கணக்கு என்றால் ஹைட்ரஜன் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எடை முக்கியமான இடங்களும் உண்டு. 2024 ஜனவரி 1-இல் ஏவிய பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் வைத்து இஸ்ரோ 100 வாட் வகை ஃப்யூயல் செல்லை விண்வெளியில் ஓட்டிப் பார்த்தது. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.-இல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதனை ஆனது. 2023-இல் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கியது 19,744 கோடி. பணம் இருக்கிறது, வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு மாணவருக்கு என்ன வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும் சோதனை நிலையம், ஹைட்ரஜன் கசிவு உணரி, காற்றோட்டம், பிளாட்டினம் வாங்கத் திட்டப் பணம், பக்கத்தில் அதைச் செய்த அனுபவமுள்ள சீனியர். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும், இதில் தனியாகக் கற்றுக்கொள்கிறேன் என்ற பேச்சே கூடாது. சென்னையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃப்யூயல் செல் மையம் இருக்கிறது, அப்படி ஓர் இடத்தில் கிடைத்தால் தயங்காமல் போகலாம். புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்தில், முதல் மாணவராக, வேண்டாம். உபகரணம் வந்து சேருவதற்கே இரண்டு வருடம் ஆகிவிடும்.

கருவி இல்லையே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது, 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கும்போது, மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நான் படித்த காலத்தில் கேட்கக் கூச்சப்பட்டேன், அது என் தப்பு.

பத்தாவது நாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆய்வகத்தைச் சுற்றி எண்ணியிருக்கிறாள். சைக்ளரில் 16 சேனல், அதில் நாலு வேலை செய்யவில்லை, மீதியில் ஒன்பது சீனியர்கள் கையில். கிளவ் பாக்ஸின் ஆக்சிஜன் உணரி கெட்டு நாலு மாதம். ஃப்யூயல் செல் நிலையம் இன்னும் கொட்டேஷன் அளவில் இருக்கிறது. ஒரு சிறிய ஃப்ளோ செல், இரண்டு பம்ப், ஒரு நிறமாலைமானி, எல்லாமே ஓடுகின்றன. "நீங்க சோடியம்தான் சொல்வீங்கன்னு நினைச்சேன்" என்று எழுதியிருந்தாள். மூன்று சேனலை வைத்துக்கொண்டு, கெட்டுப்போன கிளவ் பாக்ஸோடு, அடைமழை நாட்டில் சோடியம் எடு என்று அக்கா மகளிடம் எப்படிச் சொல்வது? ஃப்ளோ எடு, வெப்பத்தை எடு என்றேன்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். மூன்று பாட்டில், மூன்றிலும் சார்ஜ் ஏற்றிய மஞ்சள் திரவம், 35 டிகிரி, 40 டிகிரி, 45 டிகிரி நீர்த்தொட்டிகளில். ஆறாம் நாள் காலையில் 45-இல் இருந்ததன் அடியில் மட்டும் செம்பழுப்பாக ஒரு விரல்நக அளவு படிவு. மற்ற இரண்டும் தெளிவாக இருந்தன. "மாமா, 40-ல ஒண்ணும் ஆகலை, 45-ல ஆகுது. நடுவுல எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். 42-இல் ஒன்றும் 43-இல் ஒன்றும் வை, நோட்டில் தினமும் அறை வெப்பநிலையையும் எழுது என்று பதில் போட்டேன்.